கயிறு கட்டின பாட்டில்

— பம்ப்ப காதுல வச்சு என்னம்மா கேக்கற? அது ரேடியோ இல்ல லா.

— மோட்டார் சத்தம் எவ்ளோ வருதுன்னு பாக்கறேன் அக்கா. எங்க ஃபேக்டரில இதுக்குன்னு ரூம் கெடையாது. தொழுகை ரூம் சூராவுல ஒரு மூலையில உக்காந்துதான் பால் எடுக்கணும். பக்கத்துல ஒருத்தங்க தொழுதுட்டு இருக்கறப்ப இது டுர்ர்ருனு கத்துச்சுன்னா என்ன நெனப்பாங்க?

— ஒண்ணும் நெனக்க மாட்டாங்க. அவங்கள்லயும் பாதிப் பேரு தொழுதுட்டு அங்கேயே உக்காந்து பால் எடுக்கறவங்கதான். எந்த ஃபேக்டரி?

— இங்க கிள்ளான் பக்கம் மேருவுல. ரப்பர் கிளவுஸ் செய்யறது. நான் கியூசி. கிளவுஸ்ல தண்ணிய ஊத்தித் தொங்கவிட்டு, எங்க ஓட்டை இருக்குன்னு கண்டுபுடிக்கற வேலை.

— அதான் அந்தப் பம்ப்போட ஃபனல அவ்ளோ நேரம் லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாத்தியா. நான்கூட இந்தப் பொண்ணு வாங்க வந்துச்சா, ரெய்டுக்கு வந்துச்சான்னு நெனச்சேன்.

— பழக்கதோஷம் அக்கா. வீட்ல கறிவேப்பிலைய ஆயறப்பகூட ஓட்டை இருக்கான்னு பாக்கறேன்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு. நீங்கதானே மும்தாஜ்? தாமரை அக்கா சொல்லி அனுப்புனாங்க. லிட்டில் இந்தியா பக்கம், புள்ளைங்க சாமான் கடை, மும்தாஜ்னு கேளுன்னு.

— எந்தத் தாமரை? ஃப்ளாட்ல புள்ளைங்கள பாத்துக்கற தாமரையா?

— ஆமாக்கா. எம் பொண்ணு அங்கதான் இருக்கா. நாலு மாசம். அமுதவள்ளி.

— அட, நீதான் அமுதா அம்மாவா. ரோகிணி. கடைய அடச்சுட்டு நான் போய்ச் சேர்றதுக்குள்ள நீ தூக்கிட்டுப் போயிடுவ, அதான் மூஞ்சி பாத்ததில்ல. எம் மகன் உம் பொண்ணுக்குப் பக்கத்துத் தொட்டில் லா. ரஃபீக்கு.

— அந்த உருண்டையா? கையில கறுப்புக் கயிறு கட்டிக்கிட்டு, கால ஆட்டி ஆட்டிச் சிரிப்பானே, அவனா?

— மாஷா அல்லா சொல்லிட்டுப் பேசு. கண்ணு பட்டுடும். அந்தக் கயிறே அதுக்குத்தான் தர்காவுல மந்திரிச்சுக் கட்டினது.

— மாஷா அல்லா. தெரியாம சொல்லிட்டேன்.

— பரவால்ல. சரி கேளு, இப்ப எந்தப் பம்ப் வச்சிருக்க? கொண்டாந்தியா?

— இதோ. கையால அமுக்கறது. எங்க லைன்ல குமுதான்னு ஒருத்தங்க, அவங்க புள்ளைக்கு வச்சிருந்தது. இத மாத்தணும் அக்கா. பால் பத்தல.

— யாரு சொன்னா பத்தலன்னு?

— எல்லாரும்தான். தாமரை அக்கா சொல்றாங்க, சாயங்காலம் ஆனா வீல்னு அழறாளாம். கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி தராசுல வச்சுப் பாத்துட்டு, என்னம்மா எடை ஏறவே இல்லயேன்னு மூஞ்சியச் சுளிச்சாங்க. அதோட எங்க வீட்டுக்காரர் குகன் முடிவு பண்ணிட்டாரு. இந்த வாரம் பாப்போம், நல்ல பம்ப் ஒண்ணு வாங்கிப் பாரு, அதுலயும் பத்தலன்னா திங்கக்கிழமையிலருந்து டின்னு பால்தான்னு. அவர் மேலயும் தப்பு இல்லக்கா. புள்ள அழுதா யாருக்குத்தான் தாங்கும்.

— நீ என்ன நெனக்கற?

— எனக்குக் குடுக்கணும். அவ்ளோதான். ஷிஃப்ட்ல நிக்கறப்ப அவள நெனச்சா எண்ணிக்கிட்டிருந்த கிளவுஸ் கணக்கே விட்டுப் போகுது. ஆனா இந்நேரம் அவ வயித்துல இருக்கறது எம் பால்தானேன்னு நெனச்சா மனசு கொஞ்சம் லேசாயிடும். அதையும் நிறுத்திட்டா, பகல் பூரா நான் அவளுக்கு யாரு? அதனாலதான் இன்னிக்கு அரை நாள் லீவு போட்டுட்டு வந்துட்டேன். லைன்ல எல்லாரும் கொங்சி போட்டு, ஆளுக்குக் கொஞ்சம் காசு சேத்துக் குடுத்திருக்காங்க, நல்லதா பாத்து வாங்குன்னு.

— சரி, அழாத. முதல்ல எல்லாத்தையும் பாரு. இது ஒரு பக்கம் மட்டும் இழுக்கற கரண்டு பம்ப். இது உள்ளாடைக்குள்ளயே வச்சுக்கறது, வயரு கெடையாது.

— உள்ள வச்சுக்கிட்டே லைன்ல நிக்கலாமா?

— நிக்கலாம். குனியாத. குனிஞ்சா கொட்டிடும்.

— கிளவுஸ எண்ணிப் பெட்டியில போடறதே குனிஞ்சுதான் அக்கா. போன வாரம் ஒருத்தங்க மேல எண்ணெய் கொட்டுனதுக்கே ரிப்போர்ட் எழுதுனோம். பாலு கொட்டுச்சுன்னா எந்தக் காரணம்னு போடறது? அது என்ன, மேல் தட்டுல பெரிய பெட்டி?

— ரெட்டைப் பம்ப். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல.

— அது ரெண்டு மடங்கு வருமா?

— அப்படி இல்ல. அது பால் ஊறாதவங்களுக்கு. ரெண்டு பக்கமும் ஒண்ணா இழுத்தா உடம்பு ஏமாந்து போயிடும். வீட்ல ரெட்டப் புள்ள இருக்கு போலன்னு நெனச்சுக்கிட்டு ஊற ஆரம்பிச்சுடும். சொரக்கவே இல்லன்னு வர்றவங்களுக்கு நான் அதத்தான் காட்டுவேன்.

— உடம்ப ஏமாத்தலாமா? நல்லா இருக்கே. நீங்களும் அதான் வச்சிருக்கீங்களா?

— நானா? உன்ன மாதிரி கைப்பம்ப்தான். அந்த ரெட்டைப் பம்ப்ப தெனமும் தூசி தட்டி வைக்கறேன், அதோட சரி. எங்க வீட்டுக்காரர் ஷாஹுல் மாமாக் சாப்பாட்டுக் கடைல சோறு ஆக்கறவரு. அந்தப் பெட்டி விலைக்கு அவரு எத்தன அண்டா எறக்கணும் தெரியுமா?

— அப்ப நீங்களும் எடுக்கறீங்க. ரஃபீக் நேராவும் குடிக்கறானா?

— அவ்ளோவா இல்லம்மா. நான் பெக்கல அவன.

— ஓ.

— ஏன் அப்படி முழிக்கற. பக்கத்து ஊரு கப்பார்ல ஒரு பொண்ணு பெத்தா. அவளால வளக்க முடியாத நெலம. தொப்புள் காயறதுக்கு முன்ன எங்க கையில குடுத்துட்டா. பேப்பர் எல்லாம் ஆபீஸ்ல முறையாப் போட்டாச்சு.

— நான் ஒண்ணும் தப்பா நெனக்கல அக்கா. ஆனா கேக்கலாமா? பெக்காம எப்படி பால் வரும்?

— கேளு, எல்லாரும் கேக்கறதுதான். டாக்டர் மாத்திரை குடுத்தாங்க. வெந்தயத்த வாரி வாரித் தின்னேன். அப்புறம் பம்ப். ரெண்டு மாசத்துக்கு வெறும் காத்தத்தான் இழுத்தேன். எங்க நாத்தனா பாத்துட்டு, இவளுக்கு என்ன பைத்தியமான்னு கேட்டா. ஒரு நாள் இந்தக் கடை ஸ்டோர்ல உக்காந்திருக்கேன், ஃபனல்ல ஒரு சொட்டு நிக்குது. வேர்வையோன்னு நெனச்சேன். நாக்குல வச்சுப் பாத்தேன். இனிச்சுது. டயப்பர் மூட்டை மேல உக்காந்து அப்படி அழுதேன்.

— எனக்கே அழுகை வருது. ஆனா எதுக்குக்கா இவ்ளோ பாடு? டின்னு பால்லயே வளத்திருக்கலாமே.

— வளக்கலாம். வயிறு நிறையும். முறை வராது.

— என்ன முறை?

— எங்க மார்க்கத்துல, ஒரு புள்ள ஒருத்தி பால அஞ்சு வேளை வயிறு நிறைய குடிச்சுட்டா அவ அவனுக்கு உம்மா. பெத்தவளுக்கு எப்படியோ அப்படி. குடிக்கலன்னா நான் எவ்ளோ சீராட்டி வளத்தாலும் அவனுக்கு மீசை மொளச்ச அன்னிக்கு நான் அந்நியப் பொம்பள. எங்க வீட்டுக்குள்ளயே அவன் முன்னாடி முக்காடு போட்டுக்கிட்டுத்தான் நடக்கணும். பரீட்சையில பாஸ் பண்ணிட்டு ஓடி வந்தான்னா கட்டிப் புடிக்க முடியாது. அத நெனச்சுப் பாரு.

— யாரு பால் குடிச்சாலும் அப்படித்தானா?

— யாரு பால்னாலும். குடுத்தவ உம்மா, அவ புள்ளைங்க இவனுக்கு கூடப் பொறந்ததுங்க. கல்யாணம் காச்சி பண்ணிக்க முடியாது.

— பாட்டில்ல ஊத்திக் குடுத்தாலும்?

— நீ நல்லா கேக்கற. நானும் மார்க்கம் சொல்லித் தர்ற உஸ்தாஸ்கிட்ட அதத்தான் கேட்டேன். பாட்டில்னாலும் கணக்குதான்னுட்டாரு.

— அஞ்சு வேளை ஆயிடுச்சா?

— போன மாசமே ஆயிடுச்சு. ஒரு நாள் பூரா எடுத்தா சின்ன பாட்டில்ல பாதி வரும். அத அப்படியே தாமரைகிட்ட குடுத்துடுவேன், மத்தியானத்துக்கு. அஞ்சாவது பாட்டில் காலியா வந்த அன்னிக்கு ஷாஹுல் பிரியாணி ஆக்கினாரு பாரு, மாடி முழுக்கக் குடுத்தோம். தாமரைக்கும் ஒரு சட்டி.

— அந்த பிரியாணியா? தாமரை அக்கா எனக்கும் ஒரு டப்பா குடுத்தாங்க. என்ன விசேஷம்னே தெரியாம நானும் குகனும் விரல் சூப்பிட்டு சாப்ட்டோம்.

— நல்லா இருந்துச்சா?

— ரொம்ப. ஆனா ஒண்ணு புரியல. நீங்களே வீட்ல உங்க கையால குடுத்திருக்கலாமே?

— ஆசை இல்லாமயா? விடியக்காலையில ரெண்டு வாய் குடிப்பான், அப்புறம் என் முக்காட்டப் புடிச்சு இழுத்து விளையாட ஆரம்பிச்சுடுவான். ராத்திரி நான் தூக்கறப்பவே பாதித் தூக்கம். மத்தியானம் ஒரு வேளைதான் அவனுக்கு நெசமான பசி. வயிறு நிறைஞ்சாத்தானே கணக்கு. மத்த வேளைக்கு டின்னு பால் குடிக்கறான். அது இன்னிக்கு நேத்தா, பொறந்ததுலருந்து குடிக்கறான், ஒண்ணும் ஒட்டல. எம் பால் போக ஆரம்பிச்ச இந்த ஒரு மாசத்துலதான் கன்னம் வச்சிருக்கு. பாதி பாட்டில்தான். ஆனா பாரு, உம்மா பால்னா அது வேற.

— எனக்குப் பொறாமையா இருக்கு. நான் மூணு பாட்டில் அனுப்பறேன், எம் பொண்ணு ஓணான் மாதிரி இருக்கா.

— இரு இரு. மூணா? எவ்ளோ, அடியில கொஞ்சமா?

— இல்லக்கா, கழுத்து வரைக்கும். உங்க கடைல அந்தா இருக்கே, அந்த மாதிரி பாட்டில்தான், பெருசு.

— கழுத்து வரைக்கும் மூணு. அந்தப் பம்ப்ப இங்க குடு. வால்வு நல்லா இருக்கு, கிழியல. எடுக்கறப்ப வலிக்குதா?

— வலி எல்லாம் இல்ல.

— ஃபனலும் உனக்கு அளவுதான். கேளு ரோகிணி, நான் கடைக்காரி, உனக்குப் பெரிய பெட்டியத் தள்ளிவிட்டா எனக்கு கமிஷன். ஆனாலும் சொல்றேன். நாலு மாசப் புள்ளைக்கு இது தாராளம். பம்ப்பு மேலயும் தப்பு இல்ல, உன் உடம்பு மேலயும் தப்பு இல்ல.

— பின்ன ஏன் அழறா? மூணு பாட்டிலும் காலியாத்தான் திரும்பி வருது. தண்ணி உள்ள போகுது, கீழ நிக்க மாட்டேங்குது. அப்படின்னா எங்கயோ ஓட்டை இருக்கு.

— வந்துட்டியா உன் வேலைக்கு. சரி, தேடு.

— காலையில குடிச்சுட்டு நல்லா தூங்கறாளாம். பதினோரு மணி பாட்டில் தாமரை அக்கா மடியில வச்சுக் குடுப்பாங்க, அதுவும் சரி. மூணாவது மத்தியானத்து பாட்டில். அதுக்கு அப்புறம்தான் அழுகை.

— மத்தியானம் தாமரை ஸ்கூல் புள்ளைங்கள கூட்டியார போயிடுவாளே.

— ஆமா. வீட்ல அவங்க வீட்டுக்காரர் தம்புசாமி அண்ணேதான் குடுப்பாரு.

— அந்த மனுஷன் கொட்டிக் கிட்டிட மாட்டாரு. லோரி ஓட்டிட்டு ரிட்டயர் ஆனவரு, ஒரு தம்ளர் தண்ணியக்கூட சிந்தாம தூக்கிட்டு வருவாரு. ஆனா அவருக்குக் கண்ணு அவ்ளோ தெரியாதே. எது யாரு பாட்டில்னு எப்படிப் பாப்பாரு?

— எம் பாட்டில் சுலபமா தெரியும் அக்கா. கழுத்துல கறுப்புக் கயிறு கட்டி வச்சிருப்பேன்.

— எதுக்கு?

— ஃபேக்டரி ஃப்ரிட்ஜுல எல்லாரும் சாப்பாட்டு டப்பாவ வைக்கற எடத்துல பாலும் இருக்கும். தொறக்கறப்ப எல்லாம், ஐயோ எவ்ளோ பால்னு ஒருத்தி சொல்லுவா. கண்ணு பட்டா பால் வத்திடும்னு குமுதாதான் கட்டச் சொன்னாங்க. மூணுலயும் கட்டிடுவேன். ஏன்க்கா?

— கறுப்புக் கயிறு.

— ஆமா. ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?

— ரஃபீக்கு கையில கட்டியிருக்கே, அந்த மாதிரி.

— அதே மாதிரிதான். அம்மன் கோயில் பக்கத்துக் கடைல... அக்கா.

— ஃபோன் போடு. இப்பவே போடு. ஸ்பீக்கர்ல வை.

— அடிக்குது... ஹலோ, அண்ணே? நான் ரோகிணி பேசறேன். மும்தாஜ் அக்காவும் பக்கத்துல இருக்காங்க.

— ஆங், சொல்லு தாயி. மெதுவாப் பேசு. தாமரை ஸ்கூலுக்குப் போயிட்டா, இப்ப நான்தான் டூட்டி.

— புள்ளைங்க என்ன பண்ணுதுங்க?

— பையன் மடியில பால் குடிச்சிட்டு இருக்கான். சத்தம் கேக்குதா? லோரிக்கு டீசல் அடிக்கற மாதிரி இழுப்பான் அவன். உம் பொண்ணு அவளுத எப்பவோ முடிச்சுட்டா. கைய சூப்பிட்டுக் கெடக்கா, இன்னும் செத்த நேரத்துல பாட்டு ஆரம்பிச்சுடும்.

— அண்ணே, எந்த பாட்டில் யாருக்குன்னு எப்படிப் பாத்துக் குடுப்பீங்க?

— அதுல என்ன தாயி சந்தேகம். இத்தன வருசம் கிள்ளான் போர்ட்லருந்து சாமான் ஏத்துனவன் நான், ஒரு பெட்டி மாத்தி எறக்குனதில்ல. கயிறு கட்டின பாட்டில் கயிறு கட்டின புள்ளைக்கு. கயிறு இல்லாத சின்ன பாட்டில் கயிறு இல்லாத புள்ளைக்கு. நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சு அடையாளம் கட்டி அனுப்பினது எவ்ளோ சௌகரியம் தெரியுமா. கண்ணாடியே தேவையில்ல, தடவிப் பாத்தே குடுத்துடுவேன்.

— எப்பலருந்து அண்ணே இப்படிக் குடுக்கறீங்க?

— போன மாசம் நீ வேலைக்குத் திரும்பி, மும்தாஜும் பாட்டில் குடுத்தனுப்ப ஆரம்பிச்ச நாள்லருந்து. ஒரு நாள் தவறல. ஏன் தாயி, தப்பா ஏதாச்சும் பண்ணிட்டேனா? வாயிலருந்து பாட்டில எடுத்துடவா?

— வேணாம்ணே.

— உறுதியா சொல்றியா தாயி?

— எடுக்காதீங்க. அவன் வயிறு நிறைய குடிக்கட்டும். நான் பத்து நிமிஷத்துல வந்து அமுதாவுக்கு நானே குடுத்துக்கறேன். வச்சுடறேன்... அக்கா. உக்காருங்க. இந்த நாற்காலில உக்காருங்க.

— மாடி முழுக்க பிரியாணி குடுத்தேன் ரோகிணி.

— தெரியும்க்கா.

— உனக்கும் வந்துச்சு ஒரு டப்பா. வரவேண்டியவளுக்குத்தான் வந்திருக்கு. எம் பால் ஒரு வேளைகூட வயிறு நிறைய அவனுக்குப் போகல. எம் பால், எம் பால்னு சொல்லிச் சொல்லித் தெனமும் ராத்திரி அவன் கன்னத்தத் தடவுவேன். அது பூரா உன்னுது.

— எம் மேல கோவமா?

— உம் மேல என்ன கோவம். என் பாதி பாட்டில குடிச்சுட்டு உம் பொண்ணு ஒரு மாசமா பசியில கெடந்திருக்கா. நீதான் என்ன நாலு வார்த்தை திட்டணும்.

— திட்ட வரல அக்கா. உண்மைய சொல்லட்டுமா? ஃபோன்ல அவன் முழுங்கற சத்தம் கேட்டுச்சுல்ல, எனக்கு ஊறிடுச்சு. சட்டைய பாருங்க, நனைஞ்சு போச்சு. அமுதா அழுதாத்தான் இப்படி ஆகும். உங்க முறைப்படி அவன் இப்ப எனக்கு யாரு?

— மகன்.

— ஒரு தடவகூட நான் அவன தூக்கினதில்லயே.

— தூக்கணும்னு சட்டம் இல்ல. குடிச்சான்ல.

— உங்களுக்கு?

— எனக்கு ஒண்ணும் இல்ல. மீசை மொளச்சா முக்காடு.

— சரி, அமுதா ஒரு மாசமா உங்க பால குடிச்சிருக்கா. அவ யாரு?

— ரோகிணி...

— சொல்லுங்க. பையனுக்கு ஒரு முறை, பொண்ணுக்கு ஒரு முறையா?

— இல்ல. ஒரே முறைதான். நான் அத நெனக்கவே இல்ல. அவ எம் மக.

— பாத்தீங்களா. பிரியாணி ஒண்ணும் வீண் இல்ல. நீங்க அன்னிக்கே உம்மா ஆயிட்டீங்க, தொட்டில்தான் மாறிப் போச்சு.

— சிரிக்க வைக்காத லா. கஸ்டமர் எல்லாம் பாக்கறாங்க.

— கண்ணத் தொடச்சுக்குங்க. நான் ஓடணும், உங்க மக பசியில இருக்கா. அந்த மேல் தட்டுப் பெட்டிய எறக்குங்க, ரெட்டைப் பம்ப்.

— இன்னுமா அதையே கேக்கற? ஓட்டை எங்கன்னுதான் கண்டுபுடிச்சுட்டியே. கயிற அவுத்துட்டு, பெரிய பாட்டில் யாருக்குன்னு அண்ணேகிட்ட சொல்லி அனுப்பு, மூணாவது பாட்டிலும் அவளுக்கே போயிடும், ஒரே மாசத்துல எடை ஏறிடும். குகன்கிட்ட நானே பேசறேன். உனக்கு இது வேணவே வேணாம்மா.

— எனக்கு இல்லக்கா, உங்களுக்கு. நம்ம பையனுக்கு நீங்க இன்னும் அஞ்சு வேளை பாக்கி.